சாமிக்கு விட்ட சேவலின் தொண்டைச் சளி

போன வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள். குரலே துள்ளிக்கொண்டு வந்தது.

"அக்கா, உள்ளங்கை அளவுக்கு ஒரு சீக்வென்சிங் மெஷின் வாங்கியிருக்கோம். இனிமே வைரஸோட மரபணுவைப் படிக்க சாம்பிளை வெளிய அனுப்பிட்டுக் காத்துக்கிட்டு இருக்க வேணாம். இதையொட்டி ஒரு சின்ன மலர் போடறோம். வேலையை முடிச்சிட்டுப் போனவங்ககிட்ட எல்லாம் அனுபவம் எழுதி வாங்கறோம். நீங்களும் எழுதணும்."

என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"பவித்ரா மேடமோட சேவல் கேஸ் இருக்கில்லக்கா? அப்ப நீங்களும் அங்க இருந்தீங்களாமே. அதையே எழுதுங்க."

சரி என்று சொல்லி போனை வைத்தேன். அன்று வைத்த ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

என் கட்டுரை 'ஓய்வு பெற்றோர் பக்கங்கள்' பகுதியில் வருமாம். எனக்கு முந்தின பக்கத்தில் எழுதப்போகிறவர் அறுபது தாண்டிய ஸ்டோர் கீப்பர் சார். எனக்கு முப்பத்திரண்டு. பணிக்கொடை, மாலை, குரூப் போட்டோ எதுவும் இல்லாமல், மகப்பேறு விடுப்பில் போய் அப்படியே நின்றுவிட்டவள். என்றாலும் என்னையும் ஓய்வு பெற்றவர்களோடு சேர்த்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. முடிந்துபோன ஒன்றைப் பற்றித்தான் நானும் எழுதுகிறேன். மகள் பக்கத்தில் தூங்குகிறாள். மூக்கு அடைத்திருக்கிறது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அவள் மூச்சைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அதனால் எங்காவது கோர்வை விட்டுப்போயிருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பிறந்த ஊர் சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சின்ன ஊர். பயோடெக்னாலஜி படித்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் செல்போன் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்றுவிட்டார்கள். எனக்கு ஒரகடம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கார் பாகம் செய்யும் இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. இந்தப் பக்கம் பிரஸ் மெஷின் அடிக்க, அந்தப் பக்கம் பெயின்ட் வாசனை வர, நடுவில் நாங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். முதல் வருஷம் முழுக்க பிப்பெட்டில் கலர் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி விட்டுப் பழகியதுதான் வேலை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்கள் தலைவியைப் பெரிய மேடம் என்போம். கால்நடை மருத்துவர். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. ஆனால் ரிசல்ட்டோடு அவர் மேஜை முன் போய் நிற்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். "வந்திருக்கு மேடம்!" என்று நாம் எவ்வளவு ஆசையாகப் போய் நின்றாலும் அதைப் பார்க்கமாட்டார்.

"முதல்ல தண்ணியக் காட்டு" என்பார்.

ஒவ்வொரு சோதனையிலும் கோழியின் சளி வைத்த குழாய்களோடு, வெறும் தண்ணீர் மட்டும் வைத்த குழாய் ஒன்றும் ஓடும். எல்லா மருந்தும் அதிலும் சேர்ப்போம். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் நம் கையோ, மேஜையோ, பிப்பெட்டோ அசுத்தம். அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்குப் போகும். தண்ணீர் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்றதைப் பார்ப்பார். பார்த்துவிட்டும் நல்லது என்று சொல்லமாட்டார். "ம்" என்பார். அந்த "ம்" கொஞ்சம் நீண்டால் அன்று எனக்குத் திருவிழா.

வெளியில் இருப்பவர்களுக்காக எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று ஒரு நோய் வரும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், இரண்டு மூன்று நாளில் தெருவே காலியாகும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. அந்த மருந்தும் அதே வைரஸ்தான், சாது வகை. உயிரோடு இருக்கும், கோழியின் தொண்டையில் வளரும், ஆனால் கொல்லாது. ஆகவே செத்த கோழியில் இந்த வைரஸ் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான். சாதுவா, கொல்கிறதா? அதற்கு மரபணுவில் ஒரு சின்ன இடத்தைப் படிக்க வேண்டும். கோழியின் வாயில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சளி எடுத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, வைரஸின் மரபணுவைப் பிரித்து, அந்த இடத்தை மட்டும் பல மடங்காகப் பெருக்கி, படிக்கிற கம்பெனிக்கு அனுப்புவோம். திரும்பி வரும் கோப்பைத் திறந்தால் பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு நிறத்தில் மலை மலையாக ஒரு வரைபடம். ஒவ்வொரு மலையும் ஓர் எழுத்து. மூன்று மூன்று எழுத்தாகக் கூட்டிப் படித்தால், அந்த இடம் முடிகிற முனையில் சாது வகைக்கு 'எல்' வரும். கொல்கிற வகைக்கு 'எஃப்' வரும். அந்த ஓர் எழுத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு பாடும்.

அந்த மேஜையில் நான் நான்கு வருஷம் உட்கார்ந்தேன். என் பிப்பெட்டின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.

வயிற்றில் குழந்தை என்று தெரிந்து மேடத்திடம் போய்ச் சொன்ன அன்றே, "ஏம்மா, நாளையிலேருந்து நீ முன்னாடி கவுன்ட்டர்ல உக்காரு. சாயம், புற ஊதா வெளிச்சம், சாம்பிள் எதுவும் உனக்கு வேணாம்" என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். நானே அதைக் கேட்பதாக இருந்தேன். வீட்டில் கூகுளில் தேடித் தேடி, மரபணுவைக் கண்ணுக்குக் காட்ட நாங்கள் சேர்க்கும் அந்தச் சாயம் குழந்தையை என்ன செய்யும் என்று பயந்துபோயிருந்தேன். என் கணவருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அவர் வரும்வரை உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன். இருந்தாலும், அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

என் இடத்துக்குப் பவித்ரா வந்தாள். தாம்பரத்தில் அப்பார்ட்மென்ட்டில் வளர்ந்தவள். வந்ததும் நாற்காலியின் உயரத்தை மாற்றினாள். வேலை செய்யும்போது மெல்லப் பாடுவாள். நான் நாலு வருஷமாக "ஏம்மா"தான். அவள் ஒரே மாதத்தில் "பவி" ஆனாள். கவுன்ட்டருக்கும் உள் அறைக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். நீண்ட "ம்" ஒன்று கதவைத் தாண்டிக் கேட்டால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. மசக்கை என்று எல்லோரும் எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் என் ஊரிலிருந்து குமாரி அக்கா போன் செய்தது.

குமாரி அக்கா எங்கள் வீட்டுக்கு நேரெதிர் வீடு. மகளிர் குழுவிலிருந்து கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, வீடு வீடாகக் கோழிக் கண்ணில் சொட்டு மருந்து விடும். ஊரில் எது தப்பாக நடந்தாலும் யாரும் கூப்பிடாமலே போய்த் தட்டிக் கேட்கும். அப்படிப்பட்ட குரல் அன்று உடைந்துபோயிருந்தது.

"இன்னாடி கெட்டது பண்ணன் நானு? கண்ல ஒரு சொட்டு வுட்டன். அது ஒரு குத்தமா? ஊத்தன மறுநாளுலேந்து பொத்து பொத்துன்னு வுழுது. தெருவே காலி. என் மருந்துதான் கொன்னுச்சாம். வூட்டாண்ட வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போறாளுங்க. குழுவுல மருந்துப் பெட்டியப் புடுங்கிடறதா பேசிக்கினு கீறாளுங்க."

"நீ எப்பக்கா ஊத்தின? கோழி நல்லா இருந்தப்பவா?"

"நல்லா கீறப்ப எவ கூப்புட்டா? 'குதிச்சிக்கினு கீற கோழிக்கு இன்னாத்துக்கு மருந்து'ன்னு தொரத்துவாளுங்க. மேலத் தெருவுல ஒன்னு கழுத்த திருப்பிக்கினு வுழுந்ததும், ஊரே என் வூட்டாண்ட நின்னுச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. நோய் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு மருந்து போயிருக்கிறது. ஆனால் எனக்குப் புரிந்து என்ன? ஊருக்குக் காகிதத்தில் வேண்டும். எங்கள் ஆள் போய்க் கோழிகளின் வாயிலிருந்து சளி எடுத்துவந்தார். செத்ததைக் கொண்டுவரச் சொன்னால், சிலர் புதைத்தாயிற்று, சிலர் குழம்பே வைத்தாயிற்று. கவுன்ட்டரில் நான்தான் குழாய்களை வாங்கி எண் ஒட்டினேன். என் ஊர்க் கோழிகள். ஒட்டிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தட்டி, பவித்ராவிடம் கொடுத்தேன்.

கோப்பு திரும்பி வந்த அன்று பவித்ரா அதோடு பெரிய மேடம் முன் போய் நின்றாள். தண்ணீர் சுத்தம். மேடம் கண்ணாடியை மாட்டினார்.

"எல்" என்றார். "எல்லாத்துலயும் 'எல்'தான். தடுப்பு மருந்து வைரஸ்."

கவுன்ட்டரிலிருந்து எழுந்து ஓடினேன். "மேடம், அது குமாரி அக்கா ஊத்தினது மேடம். அதுதான் தொண்டையில நிறைஞ்சு கிடக்கு. கொன்னது வேற."

"இருக்கலாம்மா. ஆனா நீ எனக்குக் குடுத்த சளியில இருக்கறதத்தான நான் எழுத முடியும்? மருந்து வைரஸ்தான் இருந்துச்சுன்னுதான் ரிப்போர்ட் போகும்."

அந்த ரிப்போர்ட் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். மருந்துதான் கொன்றது என்று ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது என்பார்கள். குமாரி அக்கா அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அப்புறம் எந்தக் கோழிக்கண்ணிலும் எவரும் சொட்டு விட முடியாது.

மேடம் எனக்காக ரிப்போர்ட்டை இரண்டு நாள் நிறுத்திவைத்தார். சாப்பாட்டு இடைவேளையில் பவித்ராவின் கம்ப்யூட்டரில் அந்த வரைபடத்தைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், அவள் எங்காவது தப்பு செய்திருப்பாள் என்று தேடினேன். ஒவ்வொரு மலையாகப் போனேன். அழகாக, சீராக வந்திருந்தது. நான் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமோ என்னவோ. அதனால் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த முக்கியமான இடத்தில் மட்டும் பெரிய மலைகளின் காலடியில், வேறு நிறத்தில், சின்னச் சின்ன மேடுகள். அந்த மேடுகளை மட்டும் படித்தால் 'எஃப்'.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகு நேரம் பார்த்தார். "ம்" நீண்டது. நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே நீளமான "ம்" அதுதான். ஆனால் உடனே நிமிர்ந்துவிட்டார்.

"இது மெஷின் தானா போட்ட கிறுக்கலாவும் இருக்கலாம். இத வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. மருந்து போடாத ஒரு கோழிகிட்டேருந்து சளி கொண்டா. அதுல 'எஃப்' தனியா வரட்டும், எழுதறேன்."

எங்கே போவேன்? ஊர் முழுக்க ஒரே நாளில் சொட்டு விட்டாயிற்று. மிச்சம் நிற்கிற எல்லாக் கோழியின் தொண்டையிலும் மருந்து இருக்கும். குமாரி அக்காவுக்குப் போன் செய்து ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு என்றே பதில் வந்தது. அதன் வேலைச் சுத்தமே அதற்கு எதிராக நின்றது.

மறுநாள் பவித்ரா டிபன் டப்பாவோடு கவுன்ட்டருக்கு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒன்னு கேட்டா சிரிக்கக் கூடாது. உங்க ஊர்ல யாருக்குமே சொந்தமில்லாத கோழின்னு ஒன்னு இருக்காதா?"

சிரித்தேன். "தெரு நாயா அது, சொந்தக்காரங்க இல்லாம திரியறதுக்கு? ஒவ்வொரு கோழிக்கும் ஒரு வீடு இருக்கு பவி. சாயங்காலம் அதுவே போய்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். இருக்கிறது. சாமிக்கு விட்ட சேவல்.

எங்கள் ஊரில் ஏதாவது வேண்டிக்கொண்டால் அம்மன் பெயரில் ஒரு சேவலை நேர்ந்து விடுவார்கள். மஞ்சள் பூசி, கோயில் முன் விட்டுவிட்டால், ஆடிக் கூழ் ஊற்றும்வரை அது அம்மனுடையது. கட்டக் கூடாது, கூடையில் கவிழ்க்கக் கூடாது, விற்கக் கூடாது. எந்த வீட்டு முற்றத்திலும் மேயும், எல்லோரும் அரிசி போடுவார்கள். எவரும் கை வைக்கமாட்டார்கள். கை வைக்காவிட்டால் சொட்டு மருந்து எப்படிப் போகும்? கோயில் பெருக்கும் முனியம்மா அத்தை, ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தன் மகன் கம்பெனியில் பர்மனென்ட் ஆக வேண்டும் என்று அந்த வருஷம் ஒரு செஞ்சேவலை விட்டிருந்தது. அப்படி விட்ட சேவல்களைச் சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் பார்த்தவள் நான். என் ஊர், என் சாமி, என் கோழி. அந்தக் கேள்வி கேட்கத் தோன்றியது தாம்பரத்துக்காரிக்கு.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. அந்த டிபன் டப்பாவைத் தட்டிவிடவும் தோன்றியது.

மேடம் இருவரையும் போகச் சொன்னார். எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை. "நீ பேசு. எதையும் தொடாத. பத்தடி தள்ளி நில்லு." ஷேர் ஆட்டோவில் போகிற வழியெல்லாம் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டே போனேன்.

கோயில் வாசலில் சேவல் நின்றுகொண்டிருந்தது. கொண்டை கறுத்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் கொஞ்சம் பேர் கூடிவிட்டார்கள். குமாரி அக்கா தெருமுனையிலேயே தனியாக நின்றது.

"அத்தே, ஒன்னு கேட்டா குடுப்பியா?" என்றேன் முனியம்மா அத்தையிடம்.

"கேளுமே. வாய்க்கு இன்னா வோணும்? கருவாட்டுக் கொழம்பு வெக்கட்டா?"

"உன் சேவல் வாயில பஞ்சுக் குச்சி வுட்டுக் கொஞ்சம் சளி எடுக்கணும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டது. பின்னாலிருந்து ஒருத்தி, "மசக்கைல மண்ணு துன்னவளப் பாத்துக்கீறன், சாம்பல் துன்னவளப் பாத்துக்கீறன். சாமி சேவலோட சளி கேட்டவள இப்பத்தான்மே பாக்கறன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சாமிக்கு வுட்டுட்டா மனுசங்க தொடக் கூடாதுடி. அதுக்கு ஒடம்புக்கு வந்தாலும் அம்மாதான் பாத்துக்கணும்" என்றது அத்தை.

"அது வாயில கீறது தெரிஞ்சாத்தான் குமாரி அக்கா மருந்து கொன்னுச்சா, வேற ஏதாவது கொன்னுச்சான்னு தெரியும் அத்தே. அது ஒன்னுதான் மருந்து படாத உசுரு."

"அவ பேச்ச எடுக்காத" என்றாள் ஒருத்தி. சிரிப்பு நின்றுபோயிற்று.

அத்தை என் வயிற்றைப் பார்த்தது. சேவலைப் பார்த்தது. கோயில் உள்ளே ஒரு முறை பார்த்தது. "புள்ளத்தாச்சி வாய் தொறந்து கேட்டுட்டா. இல்லன்னு சொன்னா அம்மாவே என்ன ஏத்துக்க மாட்டா. எடுத்துக்க. நான்தான் புடிப்பன். வேற கை படக் கூடாது. ஒரு எறகு கீழ வுழுந்துச்சு, உங்க ரெண்டு பேரையும் சும்மா வுட மாட்டன்."

மேஜையை விட்டு என்னை எழுப்பிய அதே வயிறுதான் எனக்கு அந்தச் சளியை வாங்கிக் கொடுத்தது. இதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் கணக்கு வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

பவித்ரா செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற சிமென்டில் குதிகாலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனாள். கையுறை, முகமூடி. சேவல் ஒரு தடவை இறக்கையை அடித்ததும், "அக்கா!" என்று கத்திக்கொண்டு பின்னால் குதித்தாள். "ஏ பொண்ணே, அது உன்ன கடிக்காது. அதுக்குப் பல்லே கெடையாது" என்றார்கள் பெண்கள். பத்தடி தள்ளி நின்று நான் சொல்லிக்கொடுத்தேன். அலகின் ஓரத்தை அழுத்து, தானே திறக்கும், நாக்குக்குப் பின்னால் போ, ஒரு சுற்றுச் சுற்று. என் கைவிரல்கள் காற்றில் அதைச் செய்துகொண்டிருந்தன. அவள் அப்படியே செய்தாள். குச்சியை எடுத்து, குழாயில் விட்டு, ஒடித்து, மூடினாள். ஓர் இறகு விழவில்லை.

சேவல் மறுநாள் காலை செத்துவிட்டது. அத்தை அதற்குக் குழி தோண்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்ததாகக் குமாரி அக்கா சொல்லிற்று. அன்று முழுக்க, குழந்தை அசையவில்லையோ என்று ஒரு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துப் பார்த்தேன். நாங்கள் தொட்டதால்தான் என்று ஊர் சொல்லுமோ என்ற பயம் வேறு. அந்தச் சேவலுக்கு யாராவது தெரியாமல் சொட்டு விட்டிருந்தால்? குமாரி அக்காவை மூன்றாவது தடவை கேட்டபோது அதற்கே கோபம் வந்துவிட்டது. "சாமி சேவல நான் தொடுவனாடி? என்ன இன்னான்னு நெனச்ச?"

கோப்பு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பவித்ராவும் மேடமும் குனிந்திருந்தார்கள். "முதல்ல தண்ணியக் காட்டு" என்பது கேட்டது. அப்புறம் மேடம் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

ஒரே நிற மலைகள். காலடியில் மேடு எதுவும் இல்லை. முனையில் 'எஃப்'. மற்ற கோழிகளின் வரைபடத்தில் நான் பார்த்த சின்ன மேடுகளைப் பக்கத்தில் வைத்தார் மேடம். எழுத்துக்கு எழுத்து அதேதான்.

"கொன்னது இது" என்றார். "பவி, எழுதிடலாம்."

ரிப்போர்ட்டில் சோதனை செய்தவர் என்ற இடத்தில் பவித்ராவின் பெயர். சாம்பிள் பெற்றவர் என்ற இடத்தில் என் பெயர். முறைப்படி அப்படித்தான் வரும். மேடுகளைப் பார்த்தவர், சேவலைக் கேட்டு வாங்கியவர் என்று எந்த ஆய்வுக்கூடத்துப் படிவத்திலும் இடம் கிடையாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காகிதத்தை மூடுவதற்குள் நாலு தடவை பார்த்தேன்.

குழுக் கூட்டம் கோயில் வாசலில் நடந்தது. குமாரி அக்கா மருந்துப் பெட்டியை முன்னால் வைத்துவிட்டு, திருப்பிக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. பவித்ராவோடு போயிருந்த நான் எழுந்து பேசினேன். "உங்க கோழிக்குள்ள ரெண்டு கிருமி கீது. ஒன்னு அக்கா ஊத்தினது, அது கொல்லாது. இன்னொன்னு அதுக்கு முன்னாடியே உள்ள வந்து குந்திக்கினு இருந்தது. கம்பெனி பஸ்ஸு போனதுக்கு அப்புறம் ஸ்டாப்புக்கு ஓடினா ஏத்திக்கினு போவானா? அந்த மாதிரிதான் நீங்க அக்காவாண்ட ஓடினது. அக்கா கை வெக்காத கோழி ஒன்னே ஒன்னு, சாமி சேவல். அதுல கொல்றது மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் செத்துச்சு. மருந்தே படாத சேவல மருந்து எப்படிக் கொல்லும்?"

குமாரி அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"நீயாமே கண்டுபுடிச்ச?" என்று கேட்டாள், அன்று சிரித்தவள்.

என் நாலு வருஷ வேலையில் இவ்வளவு கனமான ஒரு பதிலை நான் சொன்னதில்லை. "இல்ல. டெஸ்ட் பண்ணது இவ. சாமி சேவல் யோசனையும் இவ கேட்ட கேள்வியிலேருந்துதான் வந்துச்சு."

பவித்ரா உடனே, "இல்லீங்க, அக்காதான் முதல்ல அந்தச் சின்ன மேட்டைப் பாத்தாங்க. அது இல்லன்னா ரிப்போர்ட்டே போயிருக்கும்" என்றாள். யாருக்கும் மேடு என்றால் என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். அதையும் நான் தாங்க வேண்டியிருந்தது.

முனியம்மா அத்தை எழுந்து போயிற்று. கோபித்துக்கொண்டு போகிறது என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு சேவல் குஞ்சை அணைத்துக்கொண்டு வந்தது. படப்பை சந்தையில் வாங்கியதாம். செத்ததற்குப் பதிலாக அம்மனுக்கு விட. இன்னும் மஞ்சள் பூசவில்லை.

"குமாரி, எழுந்து வா" என்றது. "மஞ்சா பூசிட்டா அப்புறம் தொடக் கூடாது. பூசறதுக்கு முன்னாடி ஊத்திடு. எம்புள்ள வேண்டுதல் இந்தத் தடவயாவது கூழு வரைக்கும் நிக்கட்டும்."

குமாரி அக்கா எழுந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பெட்டியைத் திறந்து, ஐஸிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தது. அதற்குள் இரண்டு பெண்கள், "எங்க வூட்ல புதுசா வாங்கின பெட்ட ரெண்டு கீது, இரு எடுத்தாறன்" என்று கிளம்பிவிட்டார்கள்.

குஞ்சைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அத்தை என்னைப் பார்த்தது. நான் கையை நீட்டிவிட்டு, மேடம் சொன்னது ஞாபகம் வந்து, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். பவித்ரா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனாள். என் ஊர்க் கோயில் வாசலில், என் குமாரி அக்காவுக்குப் பக்கத்தில், அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பவி, ரெக்கைய ரெண்டையும் சேத்து..." என்று ஆரம்பித்தேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சரியாகப் பிடித்திருந்தாள். இறக்கைகள் உள்ளங்கைக்குள், தலை ஒரு பக்கமாக, கண் மேலே பார்க்க. குமாரி அக்கா ஒரு சொட்டு விட்டது. குஞ்சு கண்ணை மூடித் திறந்தது.